டாக்டரம்மா பதில்கள்: சாப்புட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மெஷினைக் கேளுங்க

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு வெச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே சங்கதிதான், மாசமா இருக்கறப்ப வர்ற சக்கரை. அதனால முட்டிவலி, முடி கொட்டறது, பித்தவெடிப்பு கேட்டவங்க எல்லாம் கோவிச்சுக்காம அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க. பேரெல்லாம் போடலீங்க, ஊர் மட்டும்தான்.

எனக்கு இது மொதக் குழந்தைங்க, 26 வாரம் ஆகுது. பிஎச்சில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) குளுக்கோஸ் தண்ணி குடிக்க வெச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க, 156 வந்துச்சு, சக்கரைன்னு சொல்லிட்டாங்க. எனக்கு தாகமும் இல்ல, அசதியும் இல்ல, எங்க ஊட்டுல யாருக்கும் சக்கரையும் இல்ல. மூணாம் மாசம் எடுத்தப்ப 112தான். அன்னிக்கு காலைல சந்தகையும் தேங்காப்பாலும் சாப்புட்டுப்போட்டுத்தான் போனேன், வெறும் வயித்துல போயிருந்தா வந்திருக்காதுன்னு எங்க மாமியா சொல்றாங்க. வேற லேப்புல மறுபடி எடுத்துப் பாக்கட்டுங்களா?
(கோபி பக்கம்)

எடுக்க வேண்டாம் அம்மிணி. அந்த டெஸ்டே சாப்புட்டு வந்தாலும் சாப்புடாம வந்தாலும் எடுக்கற மாதிரி வெச்சதுதான். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணில கரைச்சு அஞ்சு பத்து நிமிசத்துல குடிச்சு முடிச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு பாக்கறது, 140ம் அதுக்கு மேலயும் இருந்தா கர்ப்பகால சக்கரை. சக்கரை இல்லாத பொண்ணு சந்தகை என்ன, கல்யாண விருந்தே சாப்புட்டு வந்தாலும் ஒடம்பு கூடக் கொஞ்சம் இன்சுலினைச் சுரந்து 140க்குள்ள கொண்டாந்துரும், அதான் கணக்கு. குளுக்கோஸ் குடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்திருந்தா மட்டும் இன்னொரு நாள் எடுக்கோணும்.

இந்த முறைக்காக ரொம்ப வருசம் நின்னவரு சென்னை டாக்டர் வி. சேஷய்யா, 2022ல பத்மஸ்ரீ குடுத்தாங்களே அவருதான், அவர் பொறந்த நாளான மார்ச் 10ஐத்தான் கர்ப்பகால சக்கரை விழிப்புணர்வு நாளா வெச்சிருக்காங்க. வெறும் வயித்துல வான்னு சொன்னா என்னாகும், மாசமா இருக்கற பொண்ணு மொத பஸ்சப் புடிச்சு பசியோட வந்து வரிசைல நிக்கோணும், "காப்பி குடிச்சுட்டேனுங்க"ன்னு ஒருத்தி சொன்னா நாளைக்கு வான்னு அனுப்போணும், அவ நாளைக்கு வரமாட்டா. பல வெளிநாட்டுல வெறும் வயித்துலதான் எடுக்கறாங்க, எது சரின்னு டாக்டருங்களுக்குள்ள இன்னமும் வாக்குவாதம் ஓடிட்டுத்தான் இருக்கு, நம்ம கிராமத்துக்கு இதுதான் ஒத்து வரும்ங்கறது என் கட்சி.

சரி, மூணாம் மாசம் 112 இருந்தது இப்ப எப்புடி 156 ஆச்சு? நஞ்சுக்கொடி வளர வளர அதுலருந்து சில ஹார்மோன் சுரக்குது, அது அம்மாவோட இன்சுலினை வேலை செய்ய உடாம தடுக்கும், குழந்தைக்கு எந்நேரமும் சாப்பாடு போயிட்டே இருக்கட்டும்னு ஒடம்பு பண்ற ஏற்பாடு அது. இது எல்லாப் பொம்பளைக்கும் நடக்குது. நெறையப் பேரோட கணையம் கூடக் கூடச் சுரந்து சமாளிச்சுரும், சிலர்து சமாளிக்காது, நம்ம நாட்டுப் பொண்ணுகளுக்கு இது கொஞ்சம் அதிகமாவே வருது. அது தெரியறது 24 வாரத்துக்கு மேலதான், அதனாலதான் மொத தடவை வர்றப்ப ஒருக்கா, 24லருந்து 28க்குள்ள இன்னொருக்கா எடுக்கறாங்க. நீ தீபாவளிக்கு லட்டு தின்னதுனால வந்ததும் இல்ல, உங்க பொறந்த ஊட்டு வழில வந்த குத்தமும் இல்ல, உங்க மாமியாகிட்ட நாஞ்சொன்னேன்னே சொல்லு.

தாகம் இல்ல, அசதி இல்லங்கறே, பெரும்பாலும் ஒண்ணுமே தெரியாது கண்ணு. தெரியறது குழந்தைக்குத்தான். அம்மாவோட சக்கரை நஞ்சுக்கொடி வழியா உள்ள போகும், அம்மாவோட இன்சுலின் போகாது, அதனால உள்ள இருக்கற குழந்தை தன்னோட கணையத்துல தானே இன்சுலின் சுரந்து அந்தச் சக்கரையைக் கொழுப்பாக்கி வெச்சுக்குது (டென்மார்க் டாக்டர் பெடர்சன் 1950கள்லயே சொல்லி வெச்ச வெவரம் இது, இன்னிக்கும் அதான் அடிப்படை). குழந்தை பெருசாகி பிரசவத்துல தோள்பட்டை மாட்டிக்கறது, சிசேரியன் ஆகறது, அம்மாவுக்கு பிரஷர் ஏர்றது எல்லாம் அங்கருந்துதான். தொப்புள்கொடியை வெட்டினதும் அம்மாகிட்டருந்து சக்கரை வர்றது நின்னுரும், குழந்தை சுரந்து வெச்ச இன்சுலின் மட்டும் அப்புடியே இருக்கும், அப்ப பச்சப்புள்ளைக்கு சக்கரை சடார்னு எறங்கிரும். "கொழுகொழுன்னு 4 கிலோ புள்ள"ன்னு சந்தோசப்படறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளையோட சக்கரையப் பாத்தாங்களான்னு கேக்கோணும்.

பயந்துக்காத. பத்துல ஏழு பேருக்கு மேல சாப்பாட்டுலயும் நடக்கறதுலயுமே அடங்கிரும். ரெண்டு வாரம் சாப்பாட்டைச் சரி பண்ணிப்போட்டு மறுபடி பாப்பாங்க, வெறும் வயித்துல 95க்குள்ள, சாப்புட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 120க்குள்ள இருந்தா இப்புடியே ஓட்டலாம்.

என்ற மருமகளுக்கு ஏழு மாசம், சக்கரை இருக்குதுன்னுட்டாங்க. நானும் அரிசியையே நிறுத்திப்போட்டு காலைல ராகிக் கூழு, மத்தியானம் கம்மஞ்சோறு, ராத்திரி களின்னு போட்டுட்டு இருக்கறேன். வெள்ளைச் சக்கரையும் ஊட்டுக்குள்ள வர்றதில்ல, கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரைதான். அப்பவும் போன வாரம் 168 காட்டுச்சுங்க. புள்ள களவாண்டு தின்கறாளோன்னு எனக்குச் சந்தேகமா இருக்குது.
(காங்கேயம்)

அம்மா, அந்தப் புள்ள களவாண்டு தின்னிருக்க மாட்டா, நீங்க குடுக்கறதே போதும் 168 வர்றதுக்கு. கோவிச்சுக்காதீங்க. நாட்டுச்சக்கரைல கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் வாசம் இருக்குதுங்கறது வாஸ்தவம், மத்தபடி அதும் கரும்புல வந்த அதே இனிப்புத்தான், ரத்தத்துல ஏர்றப்ப கவுந்தப்பாடியா மில்லான்னு பாத்துட்டு ஏர்றதில்ல. கருப்பட்டி, தேன் ரெண்டும் அதே கதைதான்.

அடுத்தது ராகி. 100 கிராம் அரிசில மாவுச்சத்து சுமார் 78 கிராம், ராகிலயும் கம்புலயும் 60க்கு மேல இருக்குது. வித்தியாசம் இருக்கு, நார்ச்சத்தும் கூட, ஆனா நைஸ் மாவா அரைச்சுக் கரைச்சு கூழா ஊத்திக் குடிச்சா மெல்லற வேலையே இல்லாம நேரா எறங்கி வெரசா ஏறிரும். அதே கம்பை முழுசா இடிச்சு சோறாக்கி, ஒரு கிண்ணம் தட்டைப்பயத்தங் கொழம்பும் ஒரு பொரியலும் வெச்சு சாப்புட்டா மெதுவா ஏறும். எதை சாப்புடறோம்ங்கறதை விட எவ்வளவு, எதோட, எந்தப் பக்குவத்துல சாப்புடறோம்ங்கறதுதான் இங்க கணக்கு.

அரிசியை நிறுத்தவே வேண்டாம்ங்க. நம்ம அரிசிம்பருப்புச் சோத்தையே எடுத்துக்கோங்க, வழக்கமா அரிசி மூணு பங்கு போட்டா பருப்பு ஒரு பங்கு போடுவீங்க, பருப்பைக் கூட்டி அரிசியைக் கொறைச்சு, தட்டுல பாதிக்கு அவரைக்காயோ பீர்க்கங்காயோ கீரையோ வெச்சு, ஒரு அவிச்ச முட்டையும் வெச்சீங்கன்னா அருமையான சாப்பாடு. பச்சைப்பயறு கடைசல், கொள்ளுப் பருப்பு, நாட்டுக்கோழி, மோர் எல்லாம் தாராளமா குடுங்க (கொள்ளு சூடு, மாசமா இருக்கறவ தின்னக்கூடாதும்பாங்க, சமையல்ல வர்ற அளவுக்குப் பயமில்ல). உருளைக்கெழங்கு பொரியலைக் காய்கறிக் கணக்குல சேத்தாதீங்க, அது சோத்துக் கணக்கு. பழம்னா கொய்யா பாதி, ஆப்பிள் பாதி, சோத்தோட சேத்தாம நடுவுல. செவ்வாழை தெனமும் வேண்டாம். எளநி வேணும்னா என்னிக்காச்சும் ஒண்ணு, அதுலயும் ரெண்டு ஸ்பூன் சக்கரைக்கு ஈடா இனிப்பு இருக்குதுங்க. ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

ரெண்டு நேரம் வயிறு முட்டக் குடுக்காம மூணு நேரம் அளவா, நடுவுல ரெண்டு மூணு தடவை சுண்டலோ மோரோன்னு பிரிச்சுருங்க. சாப்புட்டதும் உக்காராம ஒரு கால் மணி நேரம் வாசல்ல அப்புடி இப்புடி நடக்கச் சொல்லுங்க, பேச்சுத் தொணைக்கு நீங்களும் நடங்க. ஒரு குளுக்கோமீட்டர் வாங்குங்க. சாப்பாட்டுல மொத வாய் வெச்ச நேரத்துலருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு, கையை சோப்புப் போட்டுக் கழுவித் தொடைச்சுப்போட்டு பாருங்க, பழம் உரிச்ச கையோட குத்துனா பொய்யா ஏத்திக் காட்டும். எது ஆகும் எது ஆகாதுன்னு என்னையோ பக்கத்து ஊட்டு ஒறம்பரையையோ கேக்க வேண்டாம். ஒருத்திக்கு ரெண்டு இட்லிக்கே 140 போகும், இன்னொருத்திக்கு மூணு இட்லிக்கு 110ல நிக்கும், அவளுக்கு எது ஆகும்ங்கறது அந்த மெஷினுக்குத்தான் தெரியும். சந்தேகப்படறதை மட்டும் உட்டுருங்க, பயந்துட்டு நோட்டுல பொய் நம்பர் எழுத ஆரம்பிச்சான்னா அப்புறம் எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

எங்கூட்டுக்காரிக்கு 30 வாரம். சாப்பாடெல்லாம் கட்டுப்பாடா இருந்தும் வெறும் வயித்துல 104, சாப்புட்டு 150ன்னு வருது. இன்சுலின் போடோணும்னு சொல்லிட்டாங்க. ஊசி ஆரம்பிச்சா ஆயுசுக்கும் நிறுத்த முடியாதாமே, குழந்தைக்கும் ஏதாச்சும் ஆகும்னு அவ ஒரே அழுகை. ஊசிக்குப் பயந்து ராத்திரிச் சோத்தையே நிறுத்திட்டா. பனியன் கம்பெனில செக்கிங் வேலை, ஓவர்டைம் வேற. என்னங்க பண்றது?
(திருப்பூர்)

தம்பி, மொதல்ல இன்னிக்கு ராத்திரி அவளைச் சாப்புட வெய்யி, மத்ததை அப்புறம் பேசலாம். பட்டினி கெடந்தா வெறும் வயித்து சக்கரை எறங்கும்னு நெனைக்கறா, அது அப்புடி வேலை செய்யாது. ராத்திரி பூரா ஈரல் தானா சக்கரையை அவுத்து உடும், காலைல நம்பர் அப்புடியேதான் நிக்கும், அதோட ஒடம்பு கொழுப்பைக் கரைச்சு கீட்டோன்னு ஒண்ணு சேரும், அது குழந்தைக்கு நல்லதில்ல. மாசமா இருக்கறவளுக்கு ஒரு நாளைக்கு 175 கிராம் மாவுச்சத்தாவது வேணும். படுக்கறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் சக்கரை போடாத பாலும் ஒரு கை சுண்டலும் குடு.

வெறும் வயித்து நம்பர் சாப்பாட்டுக்கு அவ்வளவு லேசுல மசியாது, அவ ஒழுங்கா இருந்தும் 104 வருதுன்னா அவ தப்பு இல்ல, நஞ்சுக்கொடியோட பலம் அப்புடி. இன்சுலின் பெரிய மூலக்கூறு, நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்குப் போறதில்ல, அதனாலதான் மாசமா இருக்கறப்ப அதையே மொதல்ல கையில எடுக்கறோம். மெட்ஃபார்மின் மாத்திரையும் சிலருக்குக் குடுக்கறாங்க, அதையும் குடுக்கலாம், ஆனா அது குழந்தைக்கும் போகும். குழந்தைக்கு ஆகாதுன்னு மாத்திரையைக் கேட்டு ஊசியை வேண்டாம்ங்கறவங்க அதிகம், நெசத்துல குழந்தைகிட்டப் போகாதது ஊசிதான்.

ஆயுசுக்கும் இல்ல தம்பி. நஞ்சுக்கொடி உழுந்ததும் அந்த ஹார்மோனெல்லாம் போயிரும், இந்த மாதிரி கர்ப்பத்துல வந்த சக்கரைக்கு நெறையப் பேருக்குப் பிரசவத்தோட ஊசி நின்னுரும். ஊசி இப்பல்லாம் 4 மில்லிமீட்டர்தான், வயித்துல போட்டாலும் தோலுக்குக் கீழ இருக்கற கொழுப்புலதான் நிக்கும், புள்ளையைத் தொடாது. மொத நாள் நீயே உனக்கு வெறும் ஊசியைக் குத்திக் காட்டேன், அழுகை பாதி நின்னுரும்.

பெரிய கவனம் ஒண்ணுதான், தாழ்சக்கரை. ஊசியைப் போட்டுப்போட்டு கம்பெனில சோத்து நேரம் தள்ளிப்போச்சுன்னா வேர்க்கும், கை நடுங்கும், படபடன்னு வரும், 70க்குக் கீழ போயிருக்கும். ஒடனே மூணு டீஸ்பூன் சக்கரையோ குளுக்கோஸோ தண்ணில கலக்கிக் குடிச்சு, 15 நிமிசம் கழிச்சு மறுபடி பாத்து, ஏறினதும் எதாச்சும் சாப்புடோணும். டிபன் பையில ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்பவும் கெடக்கட்டும், பக்கத்து சீட்டுப் பொண்ணுகிட்டயும் வெவரத்தைச் சொல்லி வெக்கட்டும். ஓவர்டைம் வேண்டாம்னு சூப்பர்வைசர்கிட்ட நீயே போய்ப் பேசு. இஎஸ்ஐ புடிக்கறாங்கன்னா மொத ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு உண்டு, அதுல 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுக்கலாம், அவளுக்கு 30 வாரம்னா கணக்குப் பாரு, கிட்டத்தட்ட நேரம் வந்துருச்சு. பிரிக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜ்ல, ஃப்ரீசர்ல கண்டிப்பா வேண்டாம். பிரிச்சது வெளிய நாலு வாரம் இருக்கும், சித்திரை வெயில்ல தகரக் கூரை ஊடுன்னா ஈர மணல் போட்ட சட்டிக்குள்ள ஒரு மண்கலயத்துல வெச்சுக்கோங்க. அப்புறம், குழந்தை அசைவு கொறைஞ்ச மாதிரி இருந்தா விடியட்டும்னு இருக்காதீங்க, அந்நேரமே 108க்கு அடிங்க.

சிறுகுறிஞ்சான் பொடி, பாகக்கா ஜூஸ் குடுத்தா இன்சுலின் வேண்டாமாமே?
(அந்தியூர்)

வேண்டாம். பாகக்காயைப் பொரிச்சு சாப்புடுங்க, ஜூஸும் பொடியும் பிரசவம் முடியற வரைக்கும் பக்கத்துல வர வேண்டாம். மாசமா இருக்கறவங்களுக்கு எவ்வளவு குடுக்கலாம்னு அளந்து வெச்ச கணக்கு எதுவும் அதுக்கு இல்ல.

மகளுக்கு ஒம்பதாம் மாசம் கட்டுச்சோறு வெச்சிருக்கறோம். சக்கரைப் பொங்கலு, புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறு, கச்சாயம் எல்லாம் கொண்டுட்டுப் போகோணும். அவளுக்கோ சக்கரை. சீரை நிறுத்தவும் மனசு வரலீங்க.
(தாராபுரம்)

எதுக்கும்மா நிறுத்தோணும்? சீரைக் கொண்டுட்டுப் போங்க, வளையலைப் போடுங்க, சோறு பூரா ஒறம்பரை தின்கட்டும். புள்ளைக்கு ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வாய், முன்னாடியே ஒரு கிண்ணம் சுண்டலும் வெள்ளரிக்காயும் குடுத்துப்போட்டு. ஆளுக்கு ஒரு வாய் ஊட்டி உடறதுதான் ஆபத்து, அத்தை ஒண்ணு, நங்கையா ஒண்ணு, பெரியம்மா ஒண்ணுன்னு இருவது பேர் இனிப்பு ஊட்டுனா அவ என்ன பண்ணுவா பாவம். ஊட்டறதுக்குன்னு தனித்தட்டுல மாதுளை முத்துக் கொஞ்சம் வெச்சுருங்க, மூணு பேரோட நிறுத்திக்கச் சொல்லுங்க. இன்சுலின் போடறவளா இருந்தா முகூர்த்தம் முடியட்டும்னு பட்டினி போடாதீங்க.

எனக்கு 11 வயசுலருந்து டைப் 1 சக்கரை (ஒடம்பு இன்சுலினே சுரக்காத வகை), இன்சுலின்லதான் இருக்கேன். கல்யாணமாகி எட்டு மாசம். "எப்ப நல்ல சேதி"ன்னு எல்லாரும் கேக்கறாங்க. கடைசியா எடுத்த மூணு மாசச் சக்கரைச் சராசரி (HbA1c டெஸ்ட்) 8.4. நான் குழந்தை பெத்துக்கலாமா, அதுக்கும் இது வருமா?
(பொள்ளாச்சி)

தாராளமா பெத்துக்கலாம் கண்ணு, ஆனா இந்த மாசமே வேண்டாம். மேல கேட்டவங்க கதை வேற, உன் கதை வேற. அவங்களுக்கு சக்கரை வர்றப்ப குழந்தையோட உறுப்பெல்லாம் உருவாகி முடிஞ்சிருக்கும். உனக்கு மொத நாள்லருந்தே சக்கரை இருக்கு, குழந்தையோட இதயம், முதுகுத்தண்டு எல்லாம் உருவாகறது மொத எட்டு வாரத்துல, அதாவது நாள் தள்ளிப்போச்சுன்னு நீ கார்டு வாங்கிப் பாக்கற நேரத்துல பாதி வேலை நடந்திருக்கும். அதனால முன்கூட்டியே சராசரியை 6.5க்குள்ள கொண்டாந்துப்போட்டுத்தான் ஆரம்பிக்கோணும், அது வரைக்கும் உன் வீட்டுக்காரரோட பேசி ஒரு கருத்தடை முறையை வெச்சுக்கோங்க. 8.4லருந்து எறங்கறதுக்கு சில மாசம் புடிக்கும், தாழ்சக்கரையில உழுந்து உழுந்து அவசரமா எறக்காத.

அந்த நேரத்துல கண் விழித்திரையைக் காட்டு, மூத்திரத்துல புரதம் போகுதான்னு பாரு, தைராய்டு பாரு. பிரஷருக்கோ கொழுப்புக்கோ மாத்திரை சாப்புடறேன்னா டாக்டர்கிட்டச் சொல்லு, சிலதை மாத்தோணும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை 5 மில்லிகிராம் அளவுல முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்லுவாங்க. மாசமானதுக்கப்புறம் மொத மூணு மாசம் சக்கரை சொல்லாமக் கொள்ளாம எறங்கும், உன் வீட்டுக்காரருக்கு அதைச் சமாளிக்கத் தெரிஞ்சிருக்கோணும். கடைசி மூணு மாசத்துல இன்சுலின் ரெண்டு மடங்கு கூட ஆகலாம், அதைப் பாத்து அரண்டுறாத. வாந்தி வந்து சாப்புட முடியலைன்னு இன்சுலினை மட்டும் நிறுத்திராத, ஆஸ்பத்திரிக்குப் போ. அஞ்சாம் மாசத்தை ஒட்டி குழந்தையோட இதயத்தைத் தனியா ஒரு ஸ்கேன் பாப்பாங்க.

குழந்தைக்கு வருமான்னு கேட்ட. அம்மாவுக்கு டைப் 1 இருந்தா நூத்துல ஒண்ணுலருந்து நாலு குழந்தைக்கு வரலாம், அப்பாவுக்கு இருந்தாத்தான் இன்னும் கொஞ்சம் கூட, நூத்துல ஆறு போல. இந்த நம்பரை "பொண்ணுக்கு சக்கரை"ன்னு இழுக்கற ஒறம்பரைகிட்ட மறக்காம சொல்லு. நல்ல சேதி எப்பன்னு கேக்கறவங்களுக்கு, 6.5 ஆகட்டும்னு சொல்லிரு, அவங்களுக்குப் புரியாது, அதோட பேச்சு நின்னுரும்.

போன மாசம் குழந்தை பொறந்துச்சுங்க, 3.1 கிலோ. மாசமா இருந்தப்ப சக்கரை இருந்துச்சு, இப்ப மெஷின்ல நார்மல். இனி ஒண்ணும் பாக்க வேண்டாந்தானுங்களே? சேலை கட்டக் கூட நேரமில்ல.
(பவானி)

பாக்கோணும். பிரசவமாகி ஆறு வாரத்துல அதே 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் ஒண்ணு இருக்கு, இது மட்டும் வெறும் வயித்துல போய் எடுக்கோணும், குழந்தைக்குத் தடுப்பூசி போட பிஎச்சி போவீங்கல்ல, அந்த நாள்லயே உங்களுக்கும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க, ஒரே நடையில ரெண்டு சோலியும் முடிஞ்சுரும். அப்புறம் வருசத்துக்கு ஒருக்கா. இந்தச் சக்கரை வந்து போனவங்களுக்குப் பின்னால நெரந்தரச் சக்கரை வர்றது மத்தவங்களை விட ஏழுலருந்து பத்து மடங்கு. தாய்ப்பால் குடுக்கறது அதைக் கொஞ்சம் கொறைக்கும், முடிஞ்ச வரைக்கும் குடுங்க. பத்தியச் சாப்பாடுன்னு மூணு மாசம் நெய்யும் லேகியமும் போட்டு உக்கார வெப்பாங்க, லேகியத்துல பாதி வெல்லம்தான், அம்மாகிட்டச் சொல்லி அதுக்குப் பதிலா பூண்டுக் கொழம்பு வெக்கச் சொல்லுங்க. அடுத்த குழந்தைக்குத் திட்டம் போட்டா, கரு நிக்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை சக்கரை பாத்துருங்க.